ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்துக்கு ஓர் இதழ்: வரலாறு, சட்டம், நடைமுறை

2021 டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாள் வரை, சுங்குவார்சத்திரத்தில் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பெண்கள் அமர்ந்திருந்தனர். ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டும் தொழிலாளர்கள் அவர்கள். பூந்தமல்லியை அடுத்த விடுதி ஒன்றில் உண்ட உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாகக் கைப்பேசி வழியே செய்தி பரவியது. எவரும் இறக்கவில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. வதந்தி பரப்பியதாக வழக்கும் கைதும் நடந்தன. ஆயினும், தம் தோழியர் எங்கே, எந்நிலையில் இருக்கின்றனர் என்று அன்றிரவு அப்பெண்கள் கேட்ட கேள்விக்கு, அவர்கள் நம்பத்தக்க விடையைத் தரும் ஏடு ஒன்றும் இந்தத் தடத்தில் இல்லை. நான்காண்டுகள் கழிந்த பின்னரும் இல்லை.

இப்பகுதியின் நிலம், வன்கொடுமை, தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் வழக்குரைஞர்களாகிய எங்களிடம் இளைஞர்கள் சிலர் அவ்வப்போது ஒரு கேள்வியோடு வருகின்றனர்: எங்கள் பகுதிக்கென ஓர் இதழை நாங்களே தொடங்க முடியுமா? அதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? செலவுக்கு என்ன செய்வது? வழக்குப் போட்டால் யார் நிற்பது? அக்கேள்விகளுக்கான விடைகளை ஓரிடத்தில் தொகுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எதற்காக இதழ் என்ற கேள்விக்கு எங்கள் தொழிலிலிருந்தே ஒரு விடை உண்டு: எழுதி வைக்கப்படாத அநீதியை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது மிகக் கடினம். ஆவணம் எப்போதும் வலியவர் கையில் இருக்கிறது. எளியவர் கையிலும் ஓர் ஆவணம் இருக்க வேண்டுமெனில், அதை நிகழ்ந்த காலத்திலேயே எழுதி, அச்சிட்டு, நாளிட்டு வைத்தாக வேண்டும்.

செய்தி இருக்கிறது, எழுதுவோர் இல்லை

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006-இல் வந்து, 2014 நவம்பர் 1 அன்று ஆலையை மூடியது. சாம்சங் 2007-இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் 2010-இலும் வந்தன. இவற்றின் முதலீடு, ஒப்பந்தம், திறப்பு விழா ஆகிய அனைத்தும் நாளேடுகளின் வணிகப் பக்கங்களில் முறையாகப் பதிவாகியுள்ளன. ஆலை எழுந்த இடத்தில் முன்பு யார் உழுதனர், ஆலை மூடிய பின் அதன் தொழிலாளர்கள் எங்கே போயினர், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் பத்தாண்டு உழைத்த பின்னும் ஏன் 'புதிய ஆள்' என்றே கணக்கிடப்படுகிறார் என்பவை அதே ஒழுங்கில் பதிவாகவில்லை.

இதற்கு முதற்காரணம் செய்தி அறைகளின் சாதி அமைப்பு. ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வைக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர்த்தப்பட்ட சாதியினரிடம் இருந்தன. பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஒருவர்கூட அவற்றில் இல்லை. இரண்டாவது காரணம் தொலைவு. செய்தியாளர் சென்னையிலிருந்து வருகிறார், சாலை மறியல் நடக்கும் நாளில் வருகிறார், மாலையில் திரும்பிவிடுகிறார்.

இதன் விளைவை 2024-இல் இருமுறை கண்டோம். ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுகிறது என்ற விசாரணைச் செய்தியை அந்த ஆண்டு ஜூன் மாதம் வெளிக்கொணர்ந்தது ராய்ட்டர்ஸ் என்னும் பன்னாட்டு முகமை. நிறுவனம் அதை மறுத்தது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாடு அரசிடம் அறிக்கை கேட்டது. பெண்கள் தங்கியிருக்கும் விடுதித் தெருக்களில் பலரும் பேசிக்கொண்டிருந்த ஒன்று செய்தியாவதற்கு ஒரு பன்னாட்டு நிறுவனம் வர வேண்டியிருந்தது. அடுத்து, செப்டம்பர் 9 அன்று சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அக்டோபர் நடுவில் முடிந்தது. சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. வேலைநிறுத்தம் முதலீட்டை விரட்டிவிடுமா என்னும் விவாதம் அந்நாள்களில் ஓயவில்லை. தொழிலாளர் குடும்பங்கள் அந்த நாள்களை எப்படிக் கடந்தன என்பதற்கு அதற்கீடான இடம் கிடைக்கவில்லை.

முன்னோடிகள்: இதே மாவட்டத்தின் மகன் ஒருவர்

தாழ்த்தப்பட்டோர் இதழ் நடத்துவது புதிய கனவு அன்று. 1869-இல் வெளிவந்த 'சூரியோதயம்' தொடங்கி 1943 வரையிலான தலித் இதழ்களின் வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் தனி நூலாகவே எழுதியுள்ளார். அவ்வரிசையில் இந்தத் தடத்தில் வாழ்வோர் சிறப்பாக அறிய வேண்டியவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் பிறந்த கோழியாளம், ஸ்ரீபெரும்புதூரும் உள்ளடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். 1893 அக்டோபரில் அவர் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பாக்கினார். நான்கு பக்க மாத இதழாகத் தொடங்கியது மூன்றே மாதங்களில் வார இதழாயிற்று. முதல் விளம்பரத்துக்குப் பத்து ரூபாய் செலவானதையும், நானூறு படிகள் இரண்டே நாளில் விற்றுத் தீர்ந்ததையும் அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிந்துள்ளார். 1896-இல் வாசகர் கடிதம் ஒன்றுக்காக வழக்குத் தொடுக்கப்பட்டு நூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அதன் பின்னரும் இதழ் நிற்கவில்லை. 1900-இல் அவர் நாட்டை விட்டுச் சென்றபோதுதான் நின்றது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசா தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று. 1914-இல் அவர் மறைந்த பின் அவருடைய மகன் சிறிது காலம் நடத்தினார். பின்னர் இதழ் நின்றது. அதை 1926-இல் உயிர்ப்பித்தவர் கோலார் தங்கவயலில் வாழ்ந்த ஜி. அப்பாதுரையார். சுரங்கத்தில் இறங்கி உழைத்த தமிழ்த் தொழிலாளர்களின் நகரம் அது. ஒரு தொழில் நகரத்தின் உழைப்பாளர் சமூகம் தனக்கான இதழைச் சில ஆண்டுகள் தாங்கிப்பிடித்த முன்மாதிரி நமக்குத் தமிழிலேயே இருக்கிறது. அவ்விதழின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுத்து 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளியிட்ட பின்னரே அயோத்திதாசரின் சிந்தனை மறுபடியும் பொதுவெளிக்கு வந்தது. படிகள் எங்கோ பாதுகாக்கப்பட்டிருந்ததால் அது இயன்றது. படிகள் கிடைக்காத பல தலித் இதழ்கள் இன்று வெறும் பெயர்களாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன.

அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜ் 2,500 ரூபாய் வழங்கினார். திலகரின் 'கேசரி' கட்டணம் தருவதாகச் சொல்லியும் அதன் விளம்பரத்தை வெளியிட மறுத்தது. மூக்நாயக் நின்ற பின், 1927-இல் 'பகிஷ்கிருத பாரத்', 1930-இல் 'ஜனதா', 1956-இல் 'பிரபுத்த பாரத்' என்று அவர் மீண்டும் மீண்டும் தொடங்கினார். ஓர் இதழ் நின்றுபோவதைத் தோல்வியாகக் கருதி அவர் ஓய்ந்துவிடவில்லை.

நம் காலத்தில் 1997 முதல் வெளிவந்த 'தலித் முரசு', 2020-இல் வந்த 'நீலம்' ஆகியவை இம்மரபின் தொடர்ச்சி. வட்டார அளவில் நாம் பாடம் கற்க வேண்டியது உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்திலிருந்து. அங்கு 2002-இல் ஊரகப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 'கபர் லஹரியா' என்ற ஏட்டை வட்டார மொழியான பந்தேலியில் தொடங்கினர். அவர்களிற் பலர் அதிகம் படித்தவர்களும் அல்லர். செய்தி சேகரிப்பது, எழுதுவது, ஊர் ஊராக எடுத்துச் சென்று விற்பது எல்லாம் அவர்களே. 2009-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவு விருது அதற்குக் கிடைத்தது.

ஒரு தாளின் ஆயுள்

எழுதிவைத்தலின் வலிமைக்கு இம்மாவட்டமே சான்று. 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அவர்களிடம் நிலம் இல்லாமையும், குடியிருக்கும் மனைகூடப் பிறர் கையில் இருந்தமையும் அதில் விரிவாக எழுதப்பட்டிருந்தன. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறை ஆணை எண் 1010 பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைக்கும் நிபந்தனைக்குட்பட்ட நிலங்களுக்கு அதுவே வேர்.

நூறாண்டுக்குப் பின் 1994-இல் காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் எழுந்தனர். அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். இன்றும் ஒவ்வொரு பஞ்சமி நில வழக்கிலும் நாங்கள் முதலில் தேடுவது அந்தக் காலத்து ஆணையையும் பதிவேட்டையும்தான். ஓர் ஆங்கிலேய அதிகாரி எழுதிவைத்த தாள் 130 ஆண்டுகளாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அவர் கண்ட அதே மக்கள் அன்று தம் நிலையைத் தாமே எழுதி வைத்திருந்தால் இன்று எத்தனை ஊர்களின் நில வரலாறு நம் கையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

மாறாக, ஆவணமற்றவரின் நிலையையும் நாங்கள் அறிவோம். ஆலை ஒன்றில் இரு விரல்களை இழந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் எங்களிடம் வந்தார். ஆறாண்டுகளாக அதே வாயிலில் நுழைந்தவர். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் அடையாள அட்டையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொரு நிறுவனத்தின் பெயரில் புதிய அட்டை கொடுத்திருக்கிறார். ஆறாண்டுக்கும் அவரிடம் எஞ்சியிருந்தவை ஒரே ஓர் அட்டையும் பேருந்தில் உறங்கும் நிழற்படம் ஒன்றும். விபத்து நடந்ததாகவே எந்தப் பதிவும் இல்லை. உடன் உழைத்தவர்கள் சாட்சி சொல்ல அஞ்சினர். அந்த வாரத்திலேயே நாளோடும் இடத்தோடும் ஓர் ஏட்டில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தால், அது மட்டுமே வழக்கை வென்றிராது. ஆனால் விசாரணையைத் தொடங்க ஒரு பிடிப்பு கிடைத்திருக்கும்.

எவற்றை எழுதுவது

தொடங்கும் இதழ் எல்லாவற்றையும் எழுத முயன்றால் விரைவில் சோர்ந்துவிடும். இத்தடத்துக்கு நான்கு நிரந்தரப் பகுதிகள் போதும் என்பது எங்கள் கருத்து.

முதலாவது நிலம். ஒவ்வோர் இதழிலும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அதன் பஞ்சமி நிலம், மேய்க்கால், ஏரி, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றை 'அ' பதிவேட்டோடு ஒப்பிட்டு எழுதலாம். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 முதல் ஏகனாபுரம் மக்கள் போராடுவது வெளியே தெரியும். அத்தகைய இடங்களில் பட்டா உள்ளவர் இழப்பீடு பற்றிப் பேச முடிகிறது. பட்டா இல்லாமல் கூலிக்கு உழுதவரும், ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளரும் அக்கணக்கில் எங்கே வருகின்றனர் என்பதை இதழ் கேட்க வேண்டும்.

இரண்டாவது ஒப்பந்த உழைப்பு. நிரந்தரம், பயிற்சியாளர், ஒப்பந்தம், நாட்கூலி என்ற படிநிலையில் எந்தப் படியில் யார் இருக்கின்றனர்? தூய்மைப் பணியிலும் உணவகத்திலும் சுமை ஏற்றுவதிலும் எச்சமூகத்தினர் மிகுந்திருக்கின்றனர்? இக்கேள்விகளைச் சாதிப் பெயரோடு கேட்கும் ஏடு இப்பகுதியில் இல்லை.

மூன்றாவது விடுதியும் வாடகை வீடும். ஆலை வேலை சாதியைக் கரைத்துவிடும் என்று நம்பி வந்தவர்களிடம், வீடு பார்க்கப் போனால் முதலில் கேட்கப்படுவது ஊரும் தெருவும்தான் என்று எங்கள் கட்சிக்காரர் பலர் கூறியுள்ளனர். பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்தோரிலும் தலித்துகளும் பழங்குடியினரும் உண்டு. அவர்கள் படிக்க இந்தியில் ஒரு பக்கமாவது ஒதுக்குவது நலம்.

நான்காவது கழிவுநீர்த் தொட்டி. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஒரே குடியிருப்பின் தொட்டியில் ஆறு பேர் அடுத்தடுத்து இறங்கி இறந்தனர். 1993 முதல் பதிவான இத்தகைய இறப்புகளில் தமிழ்நாடே முன்னிலையில் இருப்பதாக நாடாளுமன்றத்தில் அரசு தந்த விடைகள் காட்டுகின்றன. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, பாதுகாப்பின்றி இப்பணியில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் ரூபாய் என்றும், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும் வகுத்தது. ஒவ்வோர் இறப்பிலும் முதல் தகவல் அறிக்கை எந்தப் பிரிவில் பதிவானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்க்கப்பட்டதா, இழப்பீடு வந்ததா, வழக்கு முடிந்ததா என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஓர் அட்டவணையை இதழ் தொடர்ந்து வெளியிட்டால், அதுவே பெரும் பணி. இறப்பன்று எல்லா ஏடுகளும் எழுதுகின்றன. மூன்றாம் ஆண்டில் எவரும் எழுதுவதில்லை.

சட்டம் கேட்பவை

1867-ஆம் ஆண்டின் அச்சகம், நூல்கள் பதிவுச் சட்டம் நீக்கப்பட்டு, 2023-ஆம் ஆண்டின் பத்திரிகைகள், பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குறித்த இடைவெளியில் அச்சிடப்பட்டுப் பொதுச் செய்தியையோ அதன் மீதான கருத்தையோ தாங்கி வரும் எந்த வெளியீடும் இதன்கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். நூல்களும், அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் ஆய்விதழ்களும் இதில் அடங்கா.

முன்பு நடுவர் முன் உறுதிமொழி அளிக்க வேண்டியிருந்தது. இப்போது விண்ணப்பம் இணையவழியில் பத்திரிகைப் பதிவாளர் தலைமையகத்துக்கும், மாவட்ட அளவில் குறிக்கப்பட்ட அதிகாரிக்கும் ஒருசேரச் செல்கிறது. அதிகாரி 60 நாளுக்குள் மறுப்பின்மையோ கருத்தோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிடினும் பதிவாளர் முடிவெடுக்கலாம். தலைப்பு, தமிழில் இந்தியாவின் எப்பகுதியிலும், பிற மொழிகளில் தமிழ்நாட்டுக்குள்ளும், வேறொருவர் வைத்திருக்கும் இதழ்ப் பெயரை ஒத்திருக்கக் கூடாது. நல்ல பெயர்கள் பலவற்றை எவரோ முன்பே பதிந்து வைத்திருப்பர். ஆதலால் மாற்றுப் பெயர்களையும் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும்.

பதிவின்றி வெளியிட்டால் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம். நிறுத்துமாறு ஆணையிட்டும் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் ஆறு மாதம் வரை சிறை. ஆண்டறிக்கை தாக்கல் செய்யத் தவறினால் முதல் முறை 20,000 ரூபாய் வரை தண்டம். இடையறாது வெளியிடத் தவறினாலும் பதிவு 30 நாள் முதல் 180 நாள் வரை நிறுத்தி வைக்கப்படலாம். எனவே, மாத இதழாக விண்ணப்பித்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவருவதைக் காட்டிலும், காலாண்டிதழ் என்றே பதிந்து ஒழுங்காகக் கொண்டுவருவது மேல். மறுப்பு, நிறுத்தம், தண்டம் ஆகியவற்றின் மீது 60 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்தை அணுகலாம்.

இச்சட்டத்தின் மீது எங்களுக்கு விமர்சனம் உண்டு. சட்டவிரோதச் செயலுக்காகவோ பயங்கரவாதச் செயலுக்காகவோ தண்டிக்கப்பட்டவர் மட்டுமல்லாமல், அரசின் பாதுகாப்புக்கு எதிராக எதையேனும் செய்தவர் என்று கருதப்படுபவரும் இதழ் நடத்த இயலாதபடி சொற்கள் விரிவாக அமைந்துள்ளன. இந்தியப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் மசோதா நிலையிலேயே இதைச் சுட்டிக்காட்டியது. நிலத்துக்கும் கூலிக்கும் போராடி வழக்குகளைச் சுமந்து நிற்கும் நம் தோழர்களுக்கு இக்கவலை ஏட்டளவிலானது அன்று.

சிற்றிதழ்களில் 'தனிச் சுற்றுக்கு மட்டும்' என்று அச்சிடும் மரபு உண்டு. பொதுச் செய்தியைக் குறித்த இடைவெளியில் அச்சிட்டு வழங்கும் ஏட்டை இவ்வரி காப்பாற்றிவிடும் என்று நம்புவதற்கில்லை. பதிவுக்கு முன் தொடங்க விரும்புவோர், இடைவெளி குறிக்காத தனித்தனித் தொகுப்பு நூல்களாகத் தம் எழுத்தைக் கொண்டுவரலாம்.

இன்னொரு கடமை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் இதழின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். இதைச் சுமையாகக் கருதாமல் உரிமையாகக் கொள்ள வேண்டுகிறோம். 'தமிழன்' நமக்குத் திரும்பக் கிடைத்ததும் பிற இதழ்கள் கிடைக்காமற் போனதும் படிகள் எங்கே இருந்தன என்பதைப் பொறுத்தவை.

செய்தியைச் சான்றாக்குதல்

ஆளும் தரப்பின் ஏட்டில் பிழை வந்தால் திருத்தம் வெளியிடுவர். நம் ஏட்டில் பிழை வந்தால் வழக்குப் போடுவர். எனவே சரிபார்ப்பே முதற்காப்பு.

தகவல் உரிமைச் சட்டம் 2005 நம் முதன்மைக் கருவி. விண்ணப்பத்தை இதழின் பெயரில் அன்றி, ஒரு குடிமகன் அல்லது குடிமகளின் பெயரில் அனுப்ப வேண்டும். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அதுவும் இல்லை. காரணம் சொல்லத் தேவையில்லை. விடை 30 நாளில் வர வேண்டும். உயிர், விடுதலை சார்ந்ததெனில் 48 மணி நேரத்தில். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். 'விபத்துகள் பற்றிய விவரம் தருக' என்று பொதுப்படக் கேட்டால் பொதுப்படவே விடை வரும். 'இன்ன வட்டத்தில் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு வந்த விபத்து அறிவிப்புகளின் எண்ணிக்கை, ஆலைவாரியாக' என்று கேட்க வேண்டும்.

அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதையின் 356-ஆவது பிரிவு. உண்மையாக இருப்பது மட்டும் போதாது. பொது நன்மைக்காக வெளியிட்டதாகவும் காட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கோப்பு இருத்தல் வேண்டும்: யாரிடம் என்று பேசினோம், எந்த ஆவணத்தைக் கண்டோம், எதிர்த்தரப்பிடம் எப்போது கேட்டோம், என்ன விடை வந்தது. எதிர்த்தரப்பிடம் எழுத்தில் கேட்டுக் காத்திருந்ததற்கான சான்று நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தைக் காட்டும். சீனிவாசன் தண்டம் கட்டியது ஒரு வாசகர் கடிதத்துக்காக என்பதை மறந்துவிடலாகாது. பிறர் எழுதி அனுப்பியதும் நம் பொறுப்பே.

பெயரை மறைப்பதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று சட்டம்: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை நியாய சன்ஹிதையின் 72-ஆவது பிரிவும், சிறாராயின் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் காக்கின்றன. மற்றொன்று வேலை: ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரை விட்டுவிட்டு அவருடைய ஊர், பணிமுறை, வரிசை ஆகியவற்றை எழுதினால், மேற்பார்வையாளர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். வெளியிடுமுன் உரியவருக்கே படித்துக் காட்டி, 'இதில் உங்களை யாராவது அடையாளம் காண்பார்களா?' என்று கேட்பதே சரியான முறை.

பணமும் பொறுப்பும்

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, பதிவு பெற்ற செய்தித்தாளின் உரிமையாளர், ஆசிரியர், அச்சிடுவோர், வெளியிடுவோர், செய்தியாளர், கருத்துப்படக்காரர் எவரும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடை செய்கிறது. அயல்நாட்டில் வாழும், அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழ் நண்பர் அன்போடு அனுப்பும் தொகையும் சிக்கலாகலாம். ஆலைகளின் விளம்பரத்தைப் பெற்றுக்கொண்டு ஆலையைப் பற்றி எழுதுவது எவ்வளவு நாள் நடக்கும் என்பதையும் சொல்லத் தேவையில்லை.

எஞ்சுவது சந்தா. ஊதிய நாளன்று தொழிலாளர் குடியிருப்புகளில் நேரில் சென்று வாங்கும் சிறுசந்தாவே உறுதியானது. தங்கவயலில் 'தமிழன்' மறுபிறப்பெடுத்ததும் உழைப்பாளர் குடியிருப்பில்தான். பதிவு பெற்ற இதழ்களுக்கு அஞ்சல் கட்டணச் சலுகை உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வரவு செலவை ஒவ்வோர் இதழின் கடைசிப் பக்கத்திலும் அச்சிட்டுவிடுவது நம்பிக்கையைத் தரும். ஆண்டறிக்கை வேலையையும் எளிதாக்கும்.

உரிமை யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் பெயரில் பதிந்தால் விரைவு. ஆனால் அவர் விலகினாலோ மறைந்தாலோ இதழும் தலைப்பும் அவரோடு போகும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் ஒரு சங்கமாகவோ, ஓர் அறக்கட்டளையாகவோ பதிந்து, அதன் பெயரில் இதழை நடத்துவது நீடித்தலுக்கு ஏற்றது. ஆசிரியர் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருத்தல் வேண்டும். மின்னணு ஆலைகளின் பூட்டுவரிசைகளில் உழைப்போரில் பெரும்பகுதியினர் அவர்களே. விடுதிக்குள் செல்லக்கூடியவர்களும் அவர்களே.

முதல் இதழுக்கு முன்

தொடங்க விரும்புவோர் அச்சகத்தைத் தேடுவதற்கு முன் மூன்று மாதம் ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறிப்பேட்டை வாங்குங்கள். உங்கள் ஊரிலும் விடுதியிலும் ஆலை வாயிலிலும் நிகழ்பவற்றை நாள், நேரம், இடம், கண்டவர் என்று அன்றன்றே எழுதுங்கள். பத்துத் தகவல் உரிமை விண்ணப்பங்களை அனுப்புங்கள். மூன்று மாத முடிவில் அக்குறிப்பேட்டிலிருந்து நான்கு பக்கத்துக்குச் செய்தி கிடைத்தால் இதழ் பிறந்துவிட்டது. பதிவு எண் பின்னால் வரும். வழக்கு வந்தால் நிற்பதற்கு எங்களைப் போன்ற வழக்குரைஞர்கள் இம்மாவட்ட நீதிமன்றங்களில் இருக்கின்றனர்.

2021 டிசம்பரில் நெடுஞ்சாலையில் அமர்ந்திருந்த பெண்கள் கேட்டது மிக எளிய கேள்வி: எங்களோடு இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? இனி ஒருமுறை அக்கேள்வி எழும்போது மருத்துவமனைக்குச் சென்று, பெயர்களைச் சரிபார்த்து, விடியுமுன் விடை சொல்லக்கூடிய ஐந்து பேர் இத்தடத்தில் இருக்க வேண்டும்.